ஹாலிஃபாக்ஸ் கல்லறை எண்கள்

கனடாவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் நம்மவர்கள் நயாகராவைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் பார்க்கச் சொல்வது, அந்நாட்டின் கிழக்குக் கரைத் துறைமுக நகரமான ஹாலிஃபாக்ஸில் உள்ள ஒரு கல்லறைத் தோட்டத்தை. "ஏங்க, கல்லறையில போய் என்னத்தப் பார்க்கிறது?" என்று கேட்கலாம். கற்களில் வெட்டியிருக்கும் எண்களைத்தான்.

1912 ஏப்ரல் 15 அன்று டைட்டானிக் மூழ்கியபின், உடல்களைத் தேடி ஹாலிஃபாக்ஸிலிருந்து கப்பல்கள் போயின. கடலிலிருந்து எடுத்த வரிசையில் ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண் இட்டார்கள். சட்டைப்பையில் இருந்த பொருள்கள் அதே எண்ணிட்ட துணிப்பைக்குள் போயின. உடை, மோதிரம், பச்சைகுத்திய அடையாளம் எல்லாம் ஏட்டில் ஏறின. இம்முறையை வகுத்தவர் ஜான் ஹென்றி பார்ன்ஸ்டெட் என்ற அதிகாரி.

நகரின் மூன்று கல்லறைத் தோட்டங்களில் 150 பேரைப் புதைத்தார்கள். அவர்களில் 121 பேர் ஃபேர்வியூ லான் தோட்டத்தில் இருக்கிறார்கள். பெரும்பாலும் சின்னக் கருங்கற்கள்தாம். பல கற்களில் பெயரே கிடையாது; இறந்த தேதியும் எண்ணும் மட்டுமே.

நான்காம் எண், யாரென்று தெரியாத ஓர் ஆண் குழந்தை. அதற்குக் கல் நாட்டியவர்கள் உடலை மீட்ட மாலுமிகள். 2002இல் மரபணுச் சோதனை செய்து, 13 மாத ஃபின்லாந்துக் குழந்தை என்றார்கள். ஆனால் 1912இல் ஒரு போலீஸ்காரர் மனம் கேட்காமல் எடுத்து வைத்திருந்த அக்குழந்தையின் காலணிகள், பின்னர் அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. 13 மாதப் பிள்ளைக்கு அவை ரொம்பப் பெரிசு! மறுபடி சோதித்தார்கள். 19 மாதமே ஆன ஆங்கிலேயக் குழந்தை சிட்னி குட்வின் என்று 2007இல் தெரிந்தது. பெயர் கிடைக்க 95 ஆண்டுகள் ஆயின.

1917 டிசம்பர் 6 அன்று அதே துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்துச் சுமார் 2,000 பேர் மாண்டார்கள். 1750இல் எழுந்த செயின்ட் பால் தேவாலயத்தின் சுவரில், அன்று பறந்து வந்து குத்திய சன்னல் சட்டத்துண்டு இன்றும் இருக்கிறது. அப்போது செபக்டோ சாலைப் பள்ளிக்கூடம் பிணவறையானது. அங்கே உடல்களை அடையாளம் காணும் பணியை ஏற்றவர் ஆர்தர் பார்ன்ஸ்டெட். முன்சொன்ன அதிகாரியின் மகன். தந்தை வகுத்த எண் முறையையே அவர் கையாண்டார்.

எண் போட்டுப் புதைப்பது இரக்கமற்ற செயலாகத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பொருளையும் ஏட்டையும் எண்ணோடு சேர்த்துக் காத்ததால்தான், தேடி வந்த உறவினர்களால் தம்மவரை இனங்காண முடிந்தது. யாரும் வராதவர்களுக்கும் அந்தக் கல் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.