முதலாளி கையில் இல்லாத விசா

2024 அக்டோபரில் ஆஸ்திரேலியா இந்திய இளைஞர்களுக்கு ஒரு புதிய வாசலைத் திறந்தது. இரு நாடுகளுக்கும் இடையே 2022இல் கையெழுத்தான பொருளாதார ஒப்பந்தத்தின்படி, 18 முதல் 30 வயது வரை உள்ள இந்தியர்களில் ஆண்டுக்கு 1,000 பேர் அங்கே ஓராண்டு தங்கி ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்க்கலாம். 462 என்ற எண்ணுள்ள இந்த விசாவுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது கணினிக் குலுக்கல். பெயர் கொடுக்க 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டணம். முதல் குலுக்கலில் இரண்டே வாரத்தில் ஏறக்குறைய 40,000 பேர் பெயர் கொடுத்தார்கள். பெயர் விழுந்தவர்களில் பலருக்கு அதுவே முதல் வெளிநாட்டுப் பயணமாக, தனியாகப் போகும் பயணமாக இருக்கும். வீட்டில் ஸ்வெட்டர் வாங்குவார்கள், பருப்புப் பொடி கட்டித் தருவார்கள், இறங்கியதும் போன் செய்யச் சொல்வார்கள். போகிற இடத்தில் பிள்ளை யாரிடம் வேலை பார்க்கும், அந்த மனிதர் கூலி தராவிட்டால் என்ன செய்யும் என்ற பேச்சு மட்டும் அநேகமாக எழுவதில்லை. முதலில் எழ வேண்டிய பேச்சு அதுதான்.

வெளிநாட்டு வேலை என்றதும் தமிழ்க் குடும்பங்களுக்கு நினைவு வருவது வளைகுடா. அங்கே கஃபாலா முறையில் விசா ஒரு முதலாளியின் பெயரில் இருக்கும். அவரை விட்டு விலகினால் ஓடிப்போனவர் என்ற பட்டம், கைது, நாடு கடத்தல். இரண்டு தலைமுறை அனுபவம் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம், “முதலாளியைப் பகைத்துக்கொள்ளாதே” என்பது. 462 விசாவின் சங்கதி வேறு. அது எந்த முதலாளியின் பெயரிலும் இல்லை. ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாதத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்றுதான் விதியே சொல்கிறது. காலையில் சேர்ந்து, பிடிக்கவில்லை என்று மாலையில் விலகினாலும் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. விலகிப் போகும் இந்தச் சுதந்திரமே இந்த விசாவில் உள்ள மிகப் பெரிய பாதுகாப்பு. ஆனால், சட்டம் கட்டிப்போடாத மனிதரை வேறு மூன்று கயிறுகள் கட்டிப்போட்டுவிடுகின்றன: ஊரில் வாங்கிய கடன், முதலாளியே கொடுக்கும் படுக்கை, அடுத்த ஆண்டு விசாவுக்காக அவரிடம் வாங்க வேண்டிய வேலைச் சான்று. இந்த மூன்றையும் புறப்படுவதற்கு முன்பே தளர்த்தி வைப்பதைத்தான் நான் தயாரிப்பு என்பேன்.

கடனிலிருந்து தொடங்குவோம். குலுக்கல் கட்டணம் 25 டாலர். பெயர் விழுந்தால் விண்ணப்பிக்க 28 நாள் அவகாசம். 2025 ஜூலைக்குப் பின் விசாக் கட்டணம் 670 டாலர். ஆரம்பச் செலவுக்கு 5,000 டாலர், அதாவது ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய், கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். விமானச் சீட்டு தனி. நியாயமான செலவில் பெரும்பகுதி இவைதான். இதற்கு மேல் லட்சங்களில் கேட்கும் ஏஜென்ட், எதற்காகக் கேட்கிறார் என்று யோசியுங்கள். குலுக்கலில் யாருடைய சிபாரிசும் செல்லாது. “உங்கள் பெயரை வர வைக்கிறேன்” என்பவர் பொய் சொல்கிறார். “போனதும் வேலை தயாராக இருக்கும்” என்பவர் வேலைக்கு ஆள் எடுப்பவர் ஆகிறார். அப்படிச் செய்ய 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அவருக்கு மத்திய அரசின் பதிவு வேண்டும். பதிவு பெற்றவரும்கூட 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஏமாந்தவர்கள் காவல்துறையோடு நின்றுவிட வேண்டாம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையிலும் புகார் தரலாம். வட்டிக்கு வாங்கி, நகையை அடகு வைத்துப் போகிற பிள்ளை முதல் வாரத்திலேயே எந்த வேலைக்கும், எந்தக் கூலிக்கும் தலையாட்டும். அதனால் அந்த 5,000 டாலர் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பித் தரும் கைமாற்றாக இருக்கக் கூடாது. வேலை பிடிக்காத நாளில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும், அடுத்த வேலை கிடைக்கும்வரை சாப்பிடவும் அதுதான் கைகொடுக்கும்.

அடுத்த கயிற்றுக்குப் போகும் முன் கூலியைப் பார்த்துவிடுவோம். 2025 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவின் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். ஆண்டுதோறும் ஜூலையில் இது மாறும். நிரந்தரம் இல்லாத ‘கேஷுவல்’ வேலைக்கு, விடுப்பு கிடையாது என்பதற்கு ஈடாக, இதன் மேல் 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். அதாவது 31 டாலருக்கும் சற்று மேல். விடுமுறை விசாவில் போகிறவர்களுக்கு அநேகமாகக் கிடைப்பது கேஷுவல் வேலைதான். தொழிலுக்குத் தொழில் உள்ள கூலி ஒப்பந்தங்களில் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். விசா எதுவானாலும், எந்த நாட்டவரானாலும் இந்தக் கூலி பொருந்தும். இங்கே ஒரு மறுப்பு எழும்: “18 டாலர் கொடுத்தாலும் ரூபாயில் ஆயிரத்துக்குப் பக்கம் வருகிறதே, ஊரில் ஒரு நாள் கூலியை ஒரு மணி நேரத்தில் சம்பாதிக்கிறானே, போதாதா?” போதாது. வாடகை, பஸ், சாப்பாடு எல்லாம் டாலரில்தான் போகும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 31.19 டாலர் வர வேண்டிய இடத்தில் 18 டாலர் வாங்கினால், 38 மணி நேர வாரத்தில் இழப்பு ஏறத்தாழ 500 டாலர். 12 வாரத்தில் 6,000 டாலர். கையில் கொண்டுபோன மொத்தப் பணத்தையும்விட அது அதிகம்.

இது எங்கோ சிலருக்கு நேர்வது என்று ஒதுக்கிவிட முடியாது. ஆஸ்திரேலிய அரசின் தொழிலாளர் நல அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன், இதே போன்ற இன்னொரு விடுமுறை விசாவில் (417) வந்தவர்களைப் பற்றி 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. விசாரிக்கப்பட்டவர்களில் 35 சதவீதம் பேர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கியிருந்தார்கள். 28 சதவீதம் பேர் செய்த வேலைக்குக் கூலியே பெறவில்லை. 2017இல் இரண்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4,322 தற்காலிகக் குடியேறிகளிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மணிக்கு 12 டாலரோ அதற்கும் குறைவாகவோ வாங்கியிருந்தது தெரிந்தது. அப்போது கேஷுவல் தொழிலாளிக்குச் சட்டப்படி சேர வேண்டியது 22 டாலர். பறிபோனதை மீட்க முயன்றவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்பதும் அதே ஆய்வின் தொடர்ச்சியில் தெரியவந்தது. எனக்கு இந்தக் கடைசிச் செய்திதான் மிகவும் வலிக்கிறது. உரிமை இருந்தும் கேட்க ஆளில்லை.

கூலியைக் குறைக்கும் வழிகள் சிலவற்றைப் பெயர் சொல்லித் தெரிந்துகொள்வது நல்லது. “ஏபிஎன் எடுத்து வா” என்பது ஒன்று. ஏபிஎன் என்பது சொந்தத் தொழில் செய்பவருக்கான வணிக எண். அதை எடுக்க வைத்துவிட்டால் உங்களைத் தொழிலாளி என்று கணக்கு வைக்காமல், குறைந்தபட்சக் கூலி, ஓய்வூதிய நிதி, விபத்து இழப்பீடு எல்லாவற்றிலிருந்தும் நழுவப் பார்ப்பார்கள். நேரம் குறித்து, வேலை ஏவி, அவர்கள் சொன்னபடி செய்கிறவர் தொழிலாளிதான். எண் எடுத்ததால் அது மாறிவிடாது. உங்களுக்குத் தேவைப்படுவது வரிக்கோப்பு எண்; வரித்துறை அதை இலவசமாகத் தருகிறது. இன்னொன்று கூடைக் கணக்கு. தோட்டங்களில் பறித்த எடைக்குக் கூலி என்று சொல்லி, நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவருக்கு எதையோ கொடுத்து அனுப்பும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் எடைக்கணக்கில் வேலை பார்ப்பவருக்கும் மணிக்கணக்குக் குறைந்தபட்சக் கூலி உறுதி செய்யப்பட்டுவிட்டது. எத்தனை கூடை நிரம்பினாலும் அந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. மூன்றாவது, சம்பளத்தைக் கணக்கில் போட்டுவிட்டு ஒரு பகுதியைக் கையில் திருப்பிக் கேட்பது. அதுவும் சட்டவிரோதம். நம் ஊர்க்காரர் கடை, நம் மொழி பேசுகிறவர் என்ற நம்பிக்கையில் கணக்கு எழுதாமல் வேலைக்குச் சேரும் வழக்கமும் உண்டு. நல்லவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆனால் சம்பளச் சீட்டு கேட்டதும் முகம் சுளிப்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் விலகிவிடுங்கள். கூலி கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சீட்டு தர வேண்டியது அவர் கடமை.

இனி இரண்டாவது கயிறான படுக்கைக்கு வருவோம். இரண்டாம் ஆண்டும் தங்க விரும்புகிறவர்கள், குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட தொழில்களில் 3 மாதம் வேலை பார்த்துக் காட்ட வேண்டும். பெரும்பாலும் தோட்ட வேலை, வடபகுதி விடுதி வேலை. அங்கெல்லாம் தங்குமிடம் நடத்துபவரே வேலையும் பிடித்துத் தருவது வழக்கம். வேலையை விட்டால் படுக்கையும் போகும். படுக்கையை மாற்றினால் வேலையும் போகும். பஸ் வராத ஊரில் இரவோடு இரவாக எங்கே போவது? போவதற்கு முன்பே அடுத்த ஊருக்கு என்ன வண்டி, எவ்வளவு செலவு என்று தெரிந்து வைத்திருங்கள். வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பதானால் உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும், அது உங்கள் நன்மைக்காகவும் இருக்க வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் வெளியேறும் வழியையும் புகை எச்சரிக்கைக் கருவியையும் பாருங்கள். 2000 ஜூனில் குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் என்ற பழம் பறிக்கும் ஊரில் ஒரு விடுதிக்குத் தீ வைக்கப்பட்டு 15 இளம் பயணிகள் இறந்தார்கள். அங்கே எச்சரிக்கைக் கருவிகள் வேலை செய்யவில்லை. ஓர் அறையின் சன்னலில் கம்பி அடைத்திருந்தது. மூன்றாவது கயிறு, வேலைச் சான்று. அதற்காகச் சம்பளமில்லாமல் உழைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஊதியம் இல்லாத வேலை பொதுவாக இரண்டாம் விசாவுக்குக் கணக்கில் வராது. கடவுச்சீட்டைக் கேட்டால் நகல் கொடுங்கள். அசல் இந்திய அரசின் சொத்து, அதைப் பிடித்து வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

“புகார் கொடுத்தால் விசாவை ரத்து செய்துவிடுவார்களே” என்ற பயம்தான் பலரை வாய் மூட வைக்கிறது. முதலாளிகளும் இதைச் சொல்லியே மிரட்டுவார்கள். இந்தப் பயத்துக்கு முன்பு ஓரளவு காரணம் இருந்தது. இன்று சட்டம் மாறியிருக்கிறது. ஒருவரின் விசா நிலையைக் காட்டி அவரைச் சுரண்டல் வேலைக்கு நெருக்குவது 2024 ஜூலை 1 முதல் குற்றம். அதே மாதம், சுரண்டலைப் புகார் செய்பவரின் விசா, வேலை தொடர்பான விதிமீறலுக்காக ரத்தாகாமல் காக்கும் ஏற்பாடும், வழக்குக்காகச் சிறிது காலம் தங்க அனுமதிக்கும் தனி விசாவும் முன்னோட்டமாக வந்தன. வேண்டுமென்றே கூலியைக் குறைத்துக் கொடுப்பதை 2025 ஜனவரி 1 முதல் குற்றவியல் சட்டம் தண்டிக்கிறது. புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம். ஃபேர் வொர்க் அமைப்பின் எண் 13 13 94. ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்கள் 131 450இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு அவர் மூலம் பேசலாம். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்: சட்டம் தானாக நடந்து வந்து யார் கதவையும் தட்டாது, புகார் முடிய மாதங்களும் ஆகலாம். அதனால்தான் தாள்கள் முக்கியம். எந்த நாளில் எத்தனை மணி நேரம் என்று தினமும் குறித்து வையுங்கள். முதலாளியின் குறுஞ்செய்திகள், வேலை நேரப் பட்டியலின் படம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தனியாக இருப்பவருக்கு ஊரில் உள்ள அக்காவின் மின்னஞ்சலே பெட்டகம்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் பொது மருத்துவக் காப்பீடு இந்தியப் பயணிகளுக்குக் கிடையாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது தோட்டம், கட்டடம் போன்ற உடலுழைப்பில் படும் காயத்துக்கும் பணம் தருமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பல பாலிசிகளில் அது விலக்கப்பட்டிருக்கும். வேலையில் அடிபட்டால், கேஷுவல் தொழிலாளிக்கும் மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீடு உண்டு. அன்றே முதலாளியிடம் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். மகளை எப்படித் தனியாக அனுப்புவது என்று தயங்கும் பெற்றோருக்கு: பணியிடப் பாலியல் தொல்லை அங்கே 2023 மார்ச் முதல் வேலைச் சட்டத்திலேயே நேரடியாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டத்தைவிட விரைவாக அவளைக் காப்பது, மறு நிமிடம் வேலையை உதறிவிட்டு வரக் கையில் உள்ள பணமும், “வந்துவிடு, ஒன்றும் கேட்க மாட்டோம்” என்ற உங்கள் சொல்லும்தான். அந்தச் சொல்லை விமான நிலையத்துக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஓராண்டு முடிந்து ஊர் திரும்பிய பிறகு இரண்டு வேலை மிச்சம் இருக்கும். முதலாளி கட்டியிருக்க வேண்டிய ஓய்வூதிய நிதி இப்போது கூலியில் 12 சதவீதம்; நாட்டை விட்டு வந்ததும் அதைத் திரும்பக் கேட்கலாம். விடுமுறை விசாக்காரர்களிடம் அதில் 65 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுவது அநியாயம் என்பதே என் கருத்து, என்றாலும் மீதியை விட்டுவிடாதீர்கள். குறைத்துக் கொடுத்த கூலியைக் கேட்க 6 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு ஆஸ்திரேலியாவில் இருக்க வேண்டும் என்பதில்லை, திருச்சியிலிருந்தோ தேனியிலிருந்தோ கேட்கலாம். அந்த 6 ஆண்டும் முடியும்வரை சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.