தை பிறப்பதற்குள் தரை காயுமா?

தமிழகத்தில் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு பருவம் உண்டு. மார்கழியில் எவரும் குடிபோவதில்லை. ஆகவே, முடியும் தறுவாயில் உள்ள வீடுகள் பலவும் தை மாத முகூர்த்தங்களையே குறிவைக்கின்றன. நாள் குறித்துவிட்டால், மேஸ்திரியின் கணக்கு அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. கடைசி வாரம் வண்ணப்பூச்சு. அதற்கு முன் கதவும் மின்பணியும். அதற்கும் முன் தரை. இவ்வாறு தரை போடும் வேலை கார்த்திகையிலும் மார்கழியிலும் வந்து விழுகிறது. உலர்வதற்கு மிகுந்த நாள் தேவைப்படும் ஒரு வேலையை, வடகிழக்குப் பருவமழையின் வாரங்களில் செய்கிறோம்.

திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் இதன் விளைவைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். சமண மடத்தால் அறியப்பட்ட மேல்சித்தாமூரில் என் உறவினர் ஒருவர் தையில் குடிபுகுந்தார். மாசியில் கூடத்து டைல்களின் இடைவெளிகளில் வெள்ளையாக உப்புப் பூத்தது. சித்திரையில் ஒரு நண்பகல், நான்கு டைல்கள் பட்டாசு வெடித்ததுபோன்ற ஓசையுடன் கூடாரம்போல் எழும்பி நின்றன. டைல் மட்டமானது என்றார் கொத்தனார். பதித்த விதம் சரியில்லை என்றார் கடைக்காரர். அடியில் இருந்த ஈரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. அதற்கு 25 லிட்டர் நீர் சேர்த்துக் கலந்தால், வேதிவினையில் சிமென்ட்டோடு கட்டுண்டு நிலைப்பது ஏறத்தாழ 12 லிட்டர்தான். எஞ்சியதில் பெரும்பகுதி நுண்துளைகளில் தங்கி, மெல்ல ஆவியாகி வெளியேற வேண்டும். கலவை இலகுவாக இழுபட வேண்டும் என்று கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு குடமும் காத்திருக்க வேண்டிய நாள்களைக் கூட்டுகிறது.

கான்கிரீட் கெட்டியாவதும் காய்வதும் ஒன்றல்ல. கெட்டியாவதற்கு நீர் வேண்டும். அதனால்தான் நீராற்றுகிறோம், மேஸ்திரிகள் மொழியில் ‘க்யூரிங்’. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி, சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் என்கிறது. அது முடிந்த பிறகுதான் காயும் நாள்களின் எண்ணிக்கை தொடங்குகிறது. மேலே நடக்க முடிகிறதே என்று தரையைக் காய்ந்ததாகக் கொள்வது, வெந்த சோற்றை வடித்த சோறாகக் கொள்வதற்குச் சமம்.

எத்தனை நாள் காய வேண்டும்? காற்றோட்டமுள்ள நல்ல சூழலில், கலவைப் படுகையின் முதல் 50 மில்லிமீட்டருக்கு, மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது பிரிட்டனில் பின்பற்றப்படும் கணக்கு. இரண்டு அங்குலப் படுகைக்கு 50 நாள். தடிமன் அதற்கு மேல் போனால் வேகம் இன்னும் குறையும். நம் சித்திரை வெயிலில் இதைவிட விரைவாகவே காயலாம். ஆனால், காற்றின் ஈரப்பதம் பல நாள்கள் 80 விழுக்காட்டைத் தாண்டும் கார்த்திகையில், நீர் ஆவியாகிப் போவதற்குக் காற்றில் இடமே இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரியும் கிணறும் நிரம்பும்போது நிலத்தடி ஈரமும் மேலேறுகிறது. மண் நிரப்பி, அதன்மேல் ஜல்லிக் கான்கிரீட் போடும்போது இடையே ஒரு தடித்த பாலித்தீன் விரிப்பை இட்டால், அந்த ஈரம் மேலே வராமல் தடுக்கலாம். நம் ஊர்களில் அதை இடுவோர் அரிது.

முந்தைய தலைமுறை வீடுகளில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் இடித்துப் போட்ட தரை, ஈரத்தைத் தன் வழியே மெல்ல வெளியே விட்டது. இன்றைய விட்ரிஃபைடு டைல் தன் எடையில் அரை விழுக்காடு நீரைக்கூட உறிஞ்சாது. அது ஒரு மூடி. அடைபட்ட ஈரம் இணைப்புகளின் வழியே மட்டும் கசிந்து, சிமென்ட்டின் உப்பையும் சுமந்து வருகிறது. இன்னொன்றும் நடக்கிறது. காயும் கான்கிரீட் சுருங்கும், டைல் சுருங்காது. கோடையில் டைல் சற்றே விரியவும் செய்யும். இடைவெளியே விடாமல் நெருக்கிப் பதித்திருந்தால், அது மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஈரக் கலவையின் மேலேயே டைல் பதிப்பதுதானே நம் வழக்கம் என்று கேட்கலாம். வழக்கம்தான். ஆனால், அடியிலுள்ள கான்கிரீட்டாவது காய்ந்திருக்க வேண்டும். இணைப்புகளை அடைப்பதற்கு முன் சில நாள் விட வேண்டும். இப்போது படுக்கையறைகளுக்குப் பரவிவரும் மரத்தரையும் வினைல் விரிப்பும் அந்தச் சலுகையைக்கூடத் தருவதில்லை. பலகை உப்பும், பசை விட்டுப்போகும்.

காத்திருக்கச் சொன்னால் வரும் பதில் எனக்கு மனப்பாடம்: “வங்கிக்கு வட்டியும் கட்டி, வாடகையும் கொடுப்பதா?” பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இங்கே மறுத்தாக வேண்டும். வட்டி, புது வீட்டுக்குப் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டியது. அது காத்திருப்பின் செலவில் சேராது. இரண்டு மாதம் காத்திருப்பதன் உண்மையான செலவு இரண்டு மாத வாடகை மட்டுமே. எடுத்துக்காட்டாக, வாடகை மாதம் 8,000 ரூபாய் என்றால் 16,000 ரூபாய். ஆயிரம் சதுர அடித் தரையைப் பெயர்த்து மறுபடி போட, சதுர அடிக்கு 120 ரூபாய் என்றே வைத்தாலும் 1,20,000 ரூபாய். பெயர்க்கும் நாள்களில் குடும்பம் எங்கே இருக்கும் என்பது தனிக் கேள்வி.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது சந்தையில் தரம் தாழும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். வீட்டுத் தரையில் நிலைமை இன்னும் விந்தையானது. ஈரத்தை வீட்டுக்காரரும் அறியார், கொத்தனாரும் அளப்பதில்லை. கட்டுநரிடம் வீடு வாங்குவோருக்கு, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வேலைப்பாட்டுக் குறைகளுக்கு 5 ஆண்டுப் பொறுப்பை வைத்திருக்கிறது. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுகிறவருக்கு அந்தக் காப்பு இல்லை.

அளப்பது கடினமும் அல்ல. ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் பரப்பி, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் அடைத்து, ஓர் இரவு விட வேண்டும். காலையில் அடியில் நீர் முத்துகளோ, தரையில் கறுத்த நிறமோ தெரிந்தால் தரை காயவில்லை. எதுவும் தெரியாததை மட்டும் முழுச் சான்றாகக் கொள்ளக் கூடாது. மரம், வினைல் போடுவோர் ஈரப்பதமானி வைத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். மூடிய பெட்டிக்குள் 75 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் பணியைத் தள்ளிப்போடுவது பிரிட்டனின் வழக்கம்.

மேஸ்திரியோடு எழுதும் ஒப்பந்தத்தில் இந்தச் சோதனையைச் சேர்த்து, தரைக்கான கூலியில் ஒரு பகுதியைச் சித்திரை முடியும்வரை நிறுத்திவைக்கலாம். அதைவிட எளிய வழி, மார்கழியில் வீடு தளம் மூடிய நிலையில் இருக்குமாறு திட்டமிடுவது. தையில் தரைக்கான கான்கிரீட்டைப் போட்டு, நீராற்றி, சன்னல்களைத் திறந்துவைத்தால், மாசியும் பங்குனியும் கூலி வாங்காமல் உலர்த்தித் தரும். டைல் சித்திரையில். வைகாசியிலும் முகூர்த்தங்கள் நிறைய உண்டு.