கழிநீரும் கதிர்மணியும்

மெக்ஸிகோ நகரத்துக்கு வடக்கே, ஹிடால்கோ மாகாணத்தில், மெஸ்கிட்டால் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. மழை குறைந்த வறண்ட பிரதேசம். 1900-ம் ஆண்டில் தலைநகரின் கழிநீரை வெளியேற்றும் பெருங்கால்வாய் திறக்கப்பட்டது. அந்நீரைப் பாய்ச்சி அங்குள்ள குடியானவர்கள் சுமார் 90,000 ஹெக்டேர் நிலத்தில் மக்காச்சோளமும் குதிரைமசாலும் பயிரிடலாயினர். தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரிலேயே வந்தமையால் உரச் செலவு பெரிதும் மிச்சமாயிற்று.

ஆனால் சத்தோடு நோயும் வந்தது. வயல் வேலை செய்யும் குடும்பங்களின் குழந்தைகள் குடற்புழு நோயால் பீடிக்கப்பட்டதை வைத்திய ஆராய்ச்சிகள் எடுத்துக் காட்டின. பச்சையாக உண்ணும் காய்கறிகளை அந்நீரில் விளைவிக்கலாகாதென்று சட்டம் விதித்தார்கள். அது உண்பவனைக் காத்தது. சேற்றில் நின்று உழைத்தவனைக் காக்கவில்லை.

2017-ம் ஆண்டில் அட்டொடோனில்கோவில் பிரமாண்டமான சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிற்று. மாநகரக் கழிநீரில் சுமார் 60 சதவிகிதத்தைச் சுத்தி செய்வது அதன் நோக்கம். குடியானவர்கள் எல்லோரும் மகிழ்ந்தார்களா? இல்லை. நோயோடு உரமும் போய்விடுமே என்று பலர் அஞ்சினர்.

இதை அறியாமை என்று தள்ளுவது தவறென்பது நமது அபிப்பிராயம். கழிநீரைத் தேக்கித் தெளியவிட்டால் புழு முட்டைகள் அடியில் படியும். கரைந்துள்ள தழைச்சத்தோ பெரும்பாலும் நீரிலேயே தங்கும். அதையும் நீக்குவதற்கு வேறு ஏற்பாடும் வேறு செலவும் வேண்டும். ஏரிக்கு விடும் நீருக்கு அது அவசியம். வயலுக்கு விடும் நீருக்கு அவ்வளவும் அவசியமன்று. லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2006-ல் வகுத்த அளவு. முதலில் நிறைவேற வேண்டியது அதுவே. ஆலைகளின் உலோகக் கழிவு சாக்கடையில் கலவாமல் ஆலை வாயிலிலேயே தடுக்கப்பட வேண்டும்.

சத்து மிகுந்தாலும் கேடுண்டு. தானியப் பயிர் சாய்ந்துவிடும். எஞ்சிய தழைச்சத்து நிலத்தடி நீரில் இறங்கிக் குடிநீரைக் கெடுக்கும். ஆகவே நீரில் எவ்வளவு சத்து இருக்கிறதென்று பரிசோதித்துக் குடியானவனுக்கு அறிவிப்பது சர்க்காரின் கடமை. சுத்திகரிப்பினால் சத்து குறையுமாயின் அதற்கு ஈடு செய்வதும் கடமையே.

கழிவோடு நோயையும் அனுப்ப நகரத்தாருக்கு உரிமை கிடையாது. சுத்தி செய்கிறோமென்று சொல்லி உழவனது பிழைப்பில் கை வைக்கவும் உரிமை கிடையாது. இவ்விரண்டையும் ஒருங்கே ஒப்புக்கொள்ளும் நிர்வாகமே நியாயமான நிர்வாகம் என்போம்.