பொருளியல் பாடமும் இணைய வளங்களும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, பின்னர்ப் படிவம் நான்கில் பொருளியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் அதனை மலாய்மொழியில் பயில்கிறார். ‘பெர்மிந்தாஆன்’, ‘பெனாவாரான்’ ஆகிய சொற்களின் வரையறைகளை மனனம் செய்கிறார். அவை தம் பெற்றோரின் சம்பளச் சீட்டிலும் மளிகைக் கணக்கிலும் இருப்பதைக் காணாமலே தேர்வையும் எழுதிவிடுகிறார். இணைய வளங்களைத் தேடும் ஆசிரியர் முதலில் களையவேண்டிய குறை இதுவே என்று கருதுகிறோம்.

கான் அகாடமியின் காணொலிகளும் கோர் எகான் குழுவின் இலவசப் பாடநூலும் தரமானவையே. ஆயினும் அவற்றின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பிறநாட்டுச் சந்தைகளைச் சார்ந்தவை. ஆதலால், காணொலியைத் தேடுமுன் விலைப்பட்டியலைத் தேடுவது நலம்.

நம் வட்டாரத்திற்கு அத்தகைய பட்டியல் எளிதில் கிடைக்கிறது. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரரால் பத்தாங் பெர்ஜுந்தை அருகே, தென்னமரம் தோட்டத்தில் அமைக்கப்பட்டது. (பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை!) இன்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் இணையத்தளம் எண்ணெய் விலையையும் குலை விலையையும் வெளியிடுகிறது. குலையின் விலை, ஒரு விழுக்காட்டு எண்ணெய் எடுப்புவீதத்திற்கு இவ்வளவு எனக் குறிக்கப்படும். அது 40 ரிங்கிட், எடுப்புவீதம் 20 விழுக்காடு எனக் கொண்டால், ஒரு டன் குலைக்கு 800 ரிங்கிட். இக்கணக்கை மாணவரே செய்யட்டும். விலை உயர்ந்தவுடன் குலைகள் ஏன் பெருகுவதில்லை என்று அடுத்து வினவலாம். நட்ட கன்று காய்க்க ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிவர். அளிப்பின் நெகிழ்ச்சிக்கு இதனினும் தெளிவான சான்று எந்தக் காணொலியிலும் இல்லை.

குறைந்தபட்சச் சம்பளமும் அவ்வாறே. தீபகற்பத்தில் 2013இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய அது 2025இல் 1,700 ரிங்கிட்டாயிற்று. இதனோடு புள்ளிவிவரத் துறையின் ‘ஓப்பன்டோசம்’ தளத்திலுள்ள நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒப்பிட்டால், பணச் சம்பளமும் உண்மைச் சம்பளமும் வேறுவேறு என்பது விளங்கும். ‘பிரைஸ்கேட்சர்’ திட்டத்தில் கடைவாரியாகத் திரட்டப்படும் பொருள் விலைகளும் அரசின் திறந்த தரவுகளாகக் கிடைக்கின்றன. மாதக் கோப்புகள் மிகப் பெரியவை. ஆசிரியர் கோழி, முட்டை, சமையல் எண்ணெய் என மூன்றை மட்டும் பிரித்து ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தாலே போதும். இணைய இணைப்பு மெலிந்த இல்லங்களுக்கும் அத்தாள் சென்று சேரும்.

இனிச் சொற்கள். தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்புப் பொருளியல் நூல்களையும் இலங்கைத் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளையும் கட்டணமின்றித் தரவிறக்கலாம். ஆனால் தமிழ்நாட்டு நூல் ‘தேவை’, ‘அளிப்பு’ என்பவற்றை இலங்கை நூல் ‘கேள்வி’, ‘நிரம்பல்’ என்கிறது. ‘வாய்ப்புச் செலவு’ அங்கே ‘அமையச் செலவு’. ‘கேள்வி’ என்றதும் நம் மாணவர் வினாத்தாளையே நினைப்பர். ‘தேவை’யோ வேறுவகையில் இடர் தரும்: பொருளியலில் அது வெறும் இன்றியமையாமை அன்று; வாங்கும் திறனோடு கூடிய விருப்பம். அரிசி இன்றியமையாத வீட்டில் பணமில்லையெனில் சந்தையைப் பொறுத்தவரை அங்கே ‘தேவை’ இல்லை. இக்கடுமையான வேறுபாட்டை விளக்காமல் சொல்லை மட்டும் கொடுத்தல் கூடாது. எனினும் ‘தேவை’யையே நாம் பரிந்துரைக்கிறோம், மாணவரின் குறிப்பேட்டில் அதனருகே மலாய்ச் சொல்லும் இலங்கை வழக்கும் இடம்பெறட்டும்.