ஆறடிக்கு ஓர் அங்குலம்: போர் விமான மாதிரிகளும் பிசின் வார்ப்புகளும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில் கர்நாடக எல்லையின் இறுதி ஊராக அமைந்திருப்பது அத்திபெலே. ஆனேகல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர்ப் பக்கத்திலும், எல்லைக்கு அப்பால் ஓசூரிலும், எஃகு அச்சுகளைக் கடைவதும் பிளாஸ்டிக்கை வார்ப்பதும் பழகிய தொழில்கள். வடக்கே பெங்களூரில், 1940-ஆம் ஆண்டில் தோன்றிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, நாட்டின் முதல் ஜெட் போர் விமானத்தை உருவாக்கியது. விமானத் தொழிலும் அச்சுத் தொழிலும் ஒன்றையொன்று சந்திக்கும் சிறு துறை ஒன்று உண்டு. அதுவே அளவு மாதிரிக் கலை. இதனைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவோர் பலர். அவ்வாறு ஒதுக்குவது சரியன்று.

இக்கலையில் மிகப் பரவிய அளவு 1/72 ஆகும். ஆறடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். எனவே ஆறடி உயர மனிதன் இம்மாதிரியில் ஓர் அங்குலமாகி விடுகிறான். 1930-களில் இங்கிலாந்தில் வெளியான ‘ஸ்கைபேர்ட்ஸ்’ மர மாதிரிகளால் இவ்வளவு பரவலாயிற்று. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பகை விமானத்தையும் நட்பு விமானத்தையும் வீரர்கள் நிழலுருவைக் கொண்டே பிரித்தறியப் பழகுவதற்காக, பள்ளி மாணவர்களைக் கொண்டு இலட்சக்கணக்கான மர மாதிரிகளை இதே அளவில் செய்வித்தது. டாங்கிகளுக்கு 1/35 என்னும் அளவே வழக்கம். ஜப்பானியத் தாமியா நிறுவனம் தன் முதல் டாங்கி மாதிரிக்குள் மின்கலமும் மோட்டாரும் அடங்க வேண்டும் என்று கருதியதால் விளைந்த அளவு அது. கணிதத்தில் அதற்கு வேறு நியாயம் தேட வேண்டியதில்லை.

பெங்களூரின் மாருத் விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியப் பொறியியலறிஞர் குர்ட் டாங்க் தலைமையில் வரையப்பெற்ற இவ்விமானம் 1961 ஜூன் மாதம் முதன்முறை பறந்தது. அதற்கு முன்பே, 1959-இல், அதே அளவுள்ள மரத்தாலான கிளைடர் ஒன்றை டக்கோட்டா விமானம் இழுத்துச் செல்ல, காற்றில் சோதித்தனர். அதாவது, மாருத்தின் முதல் மாதிரி 1/1 அளவிலேயே பறந்தது. மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கை அகலம் 9 மீட்டர். 1/72-இல் இவை முறையே 220 மில்லிமீட்டரும் 125 மில்லிமீட்டரும் ஆகும். எடையோ வேறு விதமாகக் குறைகிறது. நீளம் 72-இல் ஒரு பங்கானால், பரப்பு 5,184-இல் ஒரு பங்கும், கன அளவு 3,73,248-இல் ஒரு பங்கும் ஆகும். வெறும் எடை சுமார் 6,200 கிலோகிராம் உள்ள விமானத்தை அதே உலோகங்களைக் கொண்டு இம்மி பிசகாமல் சுருக்கினால், கிடைப்பது 17 கிராமுக்கும் குறைவே! உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு இதைவிடச் சுவையான கணக்குக் கிடைப்பது அரிது.

இம்மி பிசகாமல் சுருக்குவதுதான் இயலாத காரியம். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் உறுப்புகள் பாலிஸ்டைரீனை உருக்கி, எஃகு அச்சினுள் பேரழுத்தத்தில் செலுத்தி வார்க்கப்படுபவை. அவற்றின் சுவர் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுடையது. 1/72 அளவில் இது 7 சென்டிமீட்டர் கனமுள்ள தகட்டுக்குச் சமம். எந்த விமானமும் இத்தகைய தோலுடன் பறந்ததில்லை. மேலும், எஃகு அச்சு நேராகத் திறந்து மூட வேண்டும். ஆகவே உட்குழிவும் வளைந்த பள்ளமும் உடைய உறுப்பு அதில் சிக்கிக்கொள்ளும். விமானி இருக்கை, சக்கரக் குழி, ஜெட் வாயில் முதலியவை பெட்டிகளில் மொட்டையாகத் தோன்றுவது இதனாலேயே.

இக்குறையை நீக்கவே ரெசின் எனப்படும் செயற்கைப் பிசினால் வார்த்த உபரி உறுப்புகள் தனியே விற்கப்படுகின்றன. முதலில் தேர்ந்த கைவினைஞர் ஒருவர் மூல உருவைச் செதுக்குகிறார். அதன்மேல் சிலிகோன் ரப்பரை ஊற்றி இறுகவிட்டு அச்சு எடுக்கின்றனர். இருவகைத் திரவங்களைக் கலந்து அவ்வச்சில் ஊற்றினால் சில நிமிடங்களில் அவை பாலியுரிதேனாக இறுகுகின்றன. ரப்பர் வளைந்து கொடுப்பதால் உட்குழிவு தடையாவதில்லை. சுவாமிமலை ஸ்தபதியின் மெழுகுக் கருவும் களிமண் அச்சும் இம்முறைக்கு நெருங்கிய உறவே. அங்கே சிலைதோறும் அச்சு உடைபடுகிறது. இங்கே ஒரே அச்சு சில பத்து வார்ப்புகளுக்குத் தாங்கிப் பின் கிழிகிறது. எஃகு அச்சின் பெருஞ்செலவு பல்லாயிரம் பெட்டிகள் விற்றாலன்றி ஈடாகாது. எனவே, குறைந்த தேவையுள்ள இந்திய விமானங்களுக்குப் பிசின் வார்ப்பே ஏற்றது.

இதன் அவசியத்தை ‘நாட்’ விமானம் நன்கு விளக்கும். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் போரிட்டு உயிர்நீத்து, பரம வீர சக்கரம் பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோன் செலுத்தியது ஒற்றை இருக்கை நாட். ஆனால் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தியது இரட்டை இருக்கைப் பயிற்சி வகை. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1/72-இல் வெளியிட்டதும் அதுவே. பயிற்சி வகையின் இறக்கை 7.32 மீட்டர், போர் வகையினது 6.73 மீட்டர். மாதிரியில் வேற்றுமை 8 மில்லிமீட்டர். இறக்கையைச் சுருக்காமலும் முன்புறத்தை மாற்றாமலும் இந்திய வண்ணம் மட்டும் பூசி, “இது செகோனின் விமானம்” என்று பள்ளிக் கண்காட்சியில் வைப்பது பொய்யுரைப்பதற்கு ஒப்பாகும்.

பழைய விமானங்களைப் பொறுத்தவரை இக்கண்டிப்பு இன்னும் முக்கியமாகிறது. 147 மாருத் விமானங்கள் செய்யப்பட்டன. இன்று ஒன்றும் பறப்பதில்லை. பெங்களூர் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் போன்ற இடங்களில் சில நிற்கின்றன. வெயிலிலும் மழையிலும் நிற்கும் விமானத்துக்கு மறுவண்ணம் பூசுவோர் பழைய நிறத்தை அப்படியே காப்பர் என்று கொள்வதற்கில்லை. ஆகவே நிறத்தைப் பணிக்காலப் புகைப்படத்திலிருந்தும், நீள அகலத்தை உண்மை விமானத்திலிருந்தும் பெறுவதே முறை. பிரதியிலிருந்து பிரதி எடுத்த வரைபடத்தில் நீளமும் அகலமும் வெவ்வேறு விகிதத்தில் திரிந்திருக்கலாம். தெரிந்த ஓர் அளவை இரு திசையிலும் சோதித்த பின்னரே அதனை நம்ப வேண்டும்.

பிசின் வார்ப்பில் தமிழ்நாட்டுக் கடற்கரையினர் கவனிக்க வேண்டியது ஈரம். திரவங்களுள் ஒன்றாகிய ஐசோசயனேட்டு நீருடன் கூடினால் கரியமிலவாயு வெளிப்படும். வார்ப்பு நுரைத்து இட்லிபோல் ஓட்டையாகும். ஐப்பசி மழையில் திறந்து வைத்த டப்பா அடுத்த முறைக்கு உதவாது. சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூர்ப் பீடபூமியில் இத்தொல்லை சென்னையைவிடக் குறைவு. குமிழிகளை நீக்க, ரப்பரை வெற்றிடக் கலத்திலும் பிசினை அழுத்தக் கலத்திலும் வைப்பர்.

ஆசிரியர்கள் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஐசோசயனேட்டின் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது; இறுகிய பிசினை அராவும்போது எழும் நுண்தூள் நுரையீரலுக்குக் கேடு. வார்ப்பு வேலையை மாணவரிடம் ஒப்படைக்கலாகாது. வகுப்பில் அச்சு முறையை விளக்கப் பாரிஸ் சாந்தே போதும். விலைக்கு வாங்கிய பிசின் உறுப்பைத் தேய்க்க நேர்ந்தால், நீரில் நனைத்த உப்புத்தாளால், முகமூடி அணிந்து தேய்த்தல் வேண்டும். பிளாஸ்டிக் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுவது. பிசினை அது கரைக்காது. எனவே சயனோஅக்ரிலேட் பசையே ஏற்றது. ஒட்டுவதற்குமுன் உறுப்பைச் சவர்க்கார நீரில் கழுவி, அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும். மிஞ்சிய இரு திரவங்களைத் தனித்தனியே சாக்கடையில் கொட்டாமல், உரிய விகிதத்தில் கலந்து, கட்டியாக இறுகிய பின் குப்பையில் சேர்க்க.