பிளட் வாங்குபவர் உண்மையில் எதை வாங்குகிறார்?

கொழும்பில் முதன்முதலாகச் சிறியதொரு பிளட் வாங்க நினைக்கும் எம்மவர்களின் கேள்விகள் எனக்கு இப்போது மனப்பாடம். சதுர அடி என்ன விலை? பள்ளிவாசல் பக்கமா? பார்க்கிங் உண்டா? லிஃப்ட் இருக்கிறதா? உறுதியைப் பற்றிய கேள்வி கடைசியில் வரும், அதுவும் "உறுதி கிளியர்தானே?" என்ற ஒற்றை வரியில். தரகர் "கிளியர்" என்பார். அத்தோடு பேச்சு முடிந்து முற்பணம் கைமாறும்.

இந்தப் பழக்கம் ஊரிலிருந்து வருகிறது. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ புத்தளத்திலோ பத்துப் பேர்ச் வாங்குபவர் மண்ணை வாங்குகிறார். நான்கு மூலையிலும் கல் இருக்கும், வேலிக்கு அப்பால் யாரென்று தெரியும். காகிதத்தில் ஏதேனும் குறை இருந்தாலும் கால் ஊன்ற ஓர் இடம் உண்டு. ஐந்தாம் மாடியில் 600 சதுர அடி வாங்குபவருக்கு அந்த ஆறுதல் இல்லை. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்றால், அவர் வாங்குவது இரண்டேகால் பேர்ச்சுக்கும் குறைவு, அதுவும் அந்தரத்தில். அவருடைய தரை கீழ்வீட்டின் கூரை, அவருடைய கூரை மேல்வீட்டின் தரை. எழுத்தில் என்ன இருக்கிறதோ அவ்வளவுதான் அவருடைய சொத்து.

எமது நாட்டில் இந்த எழுத்துக்கு அடிப்படை 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டம். பின்னர் பல தடவை திருத்தப்பட்டது. அதன்படி ஒரு கட்டடம் கூட்டாதனமாகப் பதிவாக வேண்டுமானால், உரிமம் பெற்ற நில அளவையாளர் தயாரித்த கூட்டாதன வரைபடம் தேவை. ஒவ்வொரு வீடும் அதில் தனி அலகாகக் காட்டப்படும். படிக்கட்டு, லிஃப்ட், மொட்டைமாடி, தண்ணீர்த்தாங்கி, கட்டடம் நிற்கும் காணி ஆகியவை பொதுச் சொத்து. அதில் ஒவ்வொரு அலகுக்கும் இவ்வளவு பங்கு என்று எழுதப்படும். இந்த வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவான பிறகே, இன்ன மாடியின் இன்ன இலக்க வீடு உங்களுடையது என்று சட்டப்படி ஓர் உறுதியால் சொல்ல முடியும்.

பதிவாகாத கட்டடத்தில் என்ன நடக்கிறது? விற்பவர் காணியின் "பிரிக்கப்படாத பங்கு" ஒன்றை உங்களுக்கு எழுதித் தருகிறார். எட்டு வீடுகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. உறுதி நொத்தாரிஸ் முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படுகிறது, பதிவும் ஆகிறது. ஆகவே தரகர் சொன்ன "கிளியர்" ஒரு வகையில் பொய்யல்ல. ஆனால் நீங்கள் இப்போது அந்த வீட்டின் சொந்தக்காரர் அல்ல, காணியின் கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் மட்டுமே. அந்த எட்டுப் பேரில் எவரும், அல்லது அவர்கள் மௌத்தான பின் அவர்களது வாரிசுகளில் எவரும், 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். ஒரு கட்டடத்தை எட்டாகப் பிரிக்க வழியில்லை என்று நீதிமன்றம் கண்டால் விற்கச் சொல்லலாம்.

நானும் என் மனைவியும் தெஹிவளையில் எங்கள் பிளட்டை வாங்குமுன் இரண்டு இடங்களை விட்டோம். ஒன்று இப்படிப்பட்ட பங்கு உறுதி. விலை கவர்ச்சியாக இருந்தது, காரணமும் அதுதான். மற்றதில் ஆறு மாடிகள் எழும்பியிருந்தன. அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அதில் நான்குதான். எங்களுக்குக் காட்டிய வீடு ஐந்தாம் மாடி! "எல்லா இடத்திலும் இப்படித்தான், பிறகு சரிசெய்து தருவோம்" என்றார்கள். ஆகவே வாங்கப் போகிறவர் முற்பணத்துக்கு முன் கேட்டுப் பார்க்க வேண்டியவை: அனுமதிக்கப்பட்ட கட்டட வரைபடம், கட்டி முடித்த பின் வழங்கப்படும் ஒத்திசைவுச் சான்றிதழ், பதிவான கூட்டாதன வரைபடம். கட்டடம் இன்னும் எழும்பிக்கொண்டிருந்தால், அந்தக் காணியை நிர்மாணிப்பவர் வங்கியில் ஈடு வைத்திருக்கிறாரா என்பதையும் காணிப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். விற்பவரின் சட்டத்தரணியே உங்களுக்கும் பார்ப்பார் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். இரண்டரைக் கோடி கொடுக்கும் இடத்தில் தனியாக ஒரு சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு பெரிதல்ல.

செலவைச் சொன்னதால் முத்திரை வரியையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. விற்பனை உறுதிக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். இரண்டரைக் கோடி ரூபா பிளட்டுக்கு இது 9 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா. வங்கி இதற்கு நிதி தரும் என்று எண்ணியிருக்க வேண்டாம்.

இனி காசு. வட்டியைத் தவிர்க்க விரும்புபவர்களுக்கு, 2005 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பின் இங்கு வழி திறந்திருக்கிறது. வீட்டுக்குப் பெரும்பாலும் பயன்படுவது குறைந்து செல்லும் முஷாரகா. இரண்டரைக் கோடியில் நீங்கள் ஒரு கோடி, வங்கி ஒன்றரைக் கோடி போட்டால் உங்கள் பங்கு 40 சதவீதம், வங்கியின் பங்கு 60 சதவீதம். மாதம் நீங்கள் கட்டும் தொகையில் ஒரு பகுதி வங்கியின் பங்குக்கான வாடகை, மறுபகுதி அந்தப் பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் விலை. வங்கியின் பங்கு குறையக் குறைய வாடகையும் குறையும்.

"வட்டிக்கு இன்னொரு பெயர்தானே" என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆனால் வித்தியாசம் ஒப்பந்தத்தின் உள்ளே இருக்கிறது, விளம்பரப் பலகையில் அல்ல. வாடகை எதை அடிப்படையாக வைத்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும்? அதற்கு உச்சவரம்பு உண்டா? கட்டடத்துக்குச் சேதம் வந்தால் வங்கி தன் பங்கின் நட்டத்தை ஏற்குமா? தவணை பிந்தினால் அறவிடும் பணம் எங்கே போகிறது? இவற்றைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது நினைவிருக்கும். சந்தை வீதத்தோடு கட்டப்பட்ட வாடகையும் அதே காற்றில் ஆடக்கூடியது.

இந்த நிதி விடயத்திலும் உறுதிதான் முன்னால் நிற்கிறது. பங்கு உறுதிக்கு வங்கிகள் இலகுவில் நிதி தருவதில்லை. அப்படியான பிளட்டுகள் ரொக்கத்துக்கே விற்கப்படுகின்றன. ரொக்கம் எங்கிருந்து வருகிறது? கட்டாரில் இருக்கும் நானா அனுப்பியது, வாப்பாவின் ஓய்வூதியப் பணம், மனைவியின் நகை. ஆக, வங்கி தொட மறுக்கும் சொத்தில்தான் குடும்பத்தின் முழுச் சேமிப்பும் போய் விழுகிறது.

அந்தக் காசு யாருடையது என்பதை எழுதும் விடயத்தில் நாம் இன்னும் மோசம். மனைவியின் நகையை விற்று வாங்கிய பிளட் கணவனின் பெயரில் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவர் மௌத்தானால் 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இருக்கும் மனைவிக்கு எட்டில் ஒன்று. 550 சதுர அடி வீட்டில் அது 69 சதுர அடி கூட இல்லை. ஆண்பிள்ளை இல்லாமல் இரண்டு பெண்பிள்ளைகள் மட்டும் இருந்து, கணவரின் பெற்றோரும் இல்லாவிட்டால், இருபத்துநான்கில் ஐந்து பங்கு அவருடைய சகோதர சகோதரிகளுக்குச் சேரும். இது மார்க்கம் வகுத்த பங்கு, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் மனைவியின் சொத்து மனைவியுடையது என்பதும் அதே மார்க்கம்தான். அவளுடைய காசை அவளுடைய பெயரில் எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு அதையும் சேர்த்துப் பங்கு வைப்பதற்கு மார்க்கத்தைச் சாட்டக் கூடாது. சூரா அல்பகராவின் 282 ஆவது வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியே இவ்வளவு விரிவாகப் பேசுகிறது. எங்கள் உறுதியில் இரண்டு பெயரும் இருக்கின்றன, போட்ட காசின் அளவுப்படி 65க்கு 35. நொத்தாரிஸ் இருமுறை கேட்டார், "சமமாக எழுதினால் போதாதா?" என்று.

கலியாணத்துக்காக மகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருமகனின் பெயரில் எழுதாதீர்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நன்கொடை உறுதியானால், அது மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்பட வேண்டும். அதே 1931 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்படி எழுதப்படாத நன்கொடை மீளப்பெறக்கூடியதாகவே கருதப்படும்.

பத்திரம் எல்லாம் சரியென்றால் படிக்கட்டைப் பாருங்கள். ஜனாஸா சந்தூக் திரும்புமா? சிறிய கட்டடங்களின் லிஃப்டில் அது போகாது. மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் கூட்டம் கூடுகிறதா, லிஃப்ட் பழுதானால் எடுக்க நிதி சேர்த்திருக்கிறார்களா என்று அங்கே குடியிருப்பவரிடமே விசாரியுங்கள். பாதணிகளைக் கழற்றி வைக்கும் வாசல் கூடப் பொதுச் சொத்துதான். அயலவரோடு வரும் சண்டைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. தீராத பிணக்குகளுக்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது, ஆனால் அங்கு போகவும் கட்டடம் முதலில் பதிவாகியிருக்க வேண்டும்.

உறுதி கைக்கு வந்ததும் மூலப்பிரதியை அலுமாரியில் பூட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். மாநகர சபையில் சோலைவரிப் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், மின்சார, நீர்க் கட்டணப் பட்டியல்களையும் மாற்றுங்கள், வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் பதியுங்கள். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க விண்ணப்பிக்கும் நாளில் உறுதியோடு இவற்றையும் கேட்பார்கள். எத்தனை வருடமாக அங்கே இருக்கிறீர்கள் என்பதும் புள்ளியில் சேரும்.