தேய்ந்த அச்சிலிருந்து ஒரு ஸ்குவா

1970களின் நடுவில் பிரிட்டனிலிருந்து சோவியத் ஒன்றியத்துக்கு ஒரு வித்தியாசமான சரக்கு போய்ச் சேர்ந்தது. அத்தனையும் எஃகு அச்சுகள். 'ஃப்ராக்' என்ற பிரிட்டிஷ் நிறுவனம் மாதிரி விமான கிட்டுகளை வார்த்தெடுத்த அச்சுகள் அவை. ஃப்ராக் உற்பத்தியை நிறுத்தவிருந்த வேளையில் அதன் உரிமையாளர்கள் ஓர் ஒப்பந்தம் பேசி முடித்தார்கள்: அச்சுகளைச் சோவியத் தரப்பு எடுத்துக்கொள்ளும், அவற்றில் வார்க்கும் கிட்டுகள் 'நோவோ' என்ற பெயரில் மேலை நாட்டுக் கடைகளுக்கு வரும். ஜெர்மனி, ஜப்பான், இத்தாலி விமானங்களின் அச்சுகளை மட்டும் சோவியத் தரப்பு ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் எதிரணியில் நின்ற விமானங்களாயிற்றே! அந்த அச்சுகள் ரெவெல் நிறுவனத்தின் கைக்குப் போயின.

மாதிரி விமானக் கலையில் ஃப்ராக் சாதாரணப் பெயரல்ல. 1936இல் 'பெங்குவின்' என்ற வரிசையில் அது வெளியிட்டவைதான் உலகின் முதல் பிளாஸ்டிக் விமான கிட்டுகள். அப்போது பயன்பட்டது செல்லுலோஸ் அசிடேட். நாளாக நாளாக முறுக்கிக்கொண்டு வளையும் பிளாஸ்டிக் அது. அளவு 1/72. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிவிடும் கணக்கு. அந்த அளவு இன்றுவரை நிலைத்துவிட்டது.

நோவோ பெட்டிகளுக்குள் இருந்தவற்றில் ஒன்று பிளாக்பர்ன் ஸ்குவா. பிரிட்டிஷ் கடற்படையின் இரண்டு இருக்கைக் குண்டுவீச்சு விமானம். 1940 ஏப்ரல் 10 அன்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளிலிருந்து கிளம்பிய 16 ஸ்குவாக்கள், நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் நின்ற 'கோனிக்ஸ்பெர்க்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைச் செங்குத்தாகப் பாய்ந்து குண்டுவீசி மூழ்கடித்தன. இரண்டாம் உலகப் போரில் வான்வழிக் குண்டுவீச்சில் மூழ்கிய முதல் பெரிய போர்க்கப்பல் அதுதான். ஆனாலும் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்துக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூட ஸ்குவாவுக்குக் கிடைக்கவில்லை. செய்யப்பட்டவை சுமார் 190 மட்டுமே. முழு விமானம் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. நார்வேயில் உறைந்த ஏரி ஒன்றில் 1940இல் இறங்கி, பின்னர் பனி உருகி மூழ்கிய ஒரு ஸ்குவாவை 1974இல் மேலே எடுத்தார்கள். அதன் சிதைவுகள் இங்கிலாந்தின் யோவில்டனில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

தேய்ந்த அச்சில் வார்த்த மோசமான கிட்டை ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. புகழ்பெற்ற விமானங்களுக்குப் பல நிறுவனங்கள் போட்டிபோட்டுக்கொண்டு அருமையான கிட்டுகளைத் தருகின்றன. ஸ்குவா போன்றவற்றுக்குப் பல்லாண்டுகள் அந்தப் பழைய அச்சை விட்டால் வேறு வழியிருக்கவில்லை. அதைச் செப்பனிட்டுக் கட்டியவர்கள்தான் அந்த விமானத்தின் உருவத்தை மேசைமேல் நிறுத்தி வைத்தார்கள்.

அப்படியொரு பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பிசிறு. பாகங்களின் விளிம்பில் மெல்லிய ஏடுகளாகப் பிளாஸ்டிக் படர்ந்திருக்கும். காரணம் எளிது. கிட் வார்க்கும் அச்சு இரண்டு பாதிகளால் ஆனது. 200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி உருக்கிய பாலிஸ்டைரீனைக் கடும் அழுத்தத்தில் அதற்குள் செலுத்துவார்கள். பாதிகள் முடி நுழையாத அளவுக்கு இறுக மூட வேண்டும். ஆயிரக்கணக்கான முறை மூடித் திறந்த பிறகு விளிம்புகள் தேய்ந்துவிடும். அந்த இடுக்கில் உருகல் கசிந்து உறைந்துவிடும். இரண்டு பாதிகளும் சற்று நகர்ந்து மூடினால், வட்டமாக இருக்க வேண்டிய சக்கரத்தண்டின் நடுவே ஒரு படி விழும். கூரிய கத்தியின் முனையைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்போரமாக இழுத்தால் இரண்டும் சுருள் சுருளாகச் சீவப்பட்டு வந்துவிடும்.

அடுத்தது குழி. தடித்த பகுதியின் மேற்பரப்பு மட்டும் லேசாக உள்வாங்கியிருக்கும். வெளிப்பக்கம் முதலில் குளிர்ந்து இறுகுகிறது. உள்ளே இருக்கும் சூடான பிளாஸ்டிக் பின்னால் குளிர்ந்து சுருங்கும்போது மேல்தோலைத் தன்னோடு இழுக்கிறது. பாலிஸ்டைரீன் குளிரும்போது சுமார் அரை சதவீதம் சுருங்கும். இதை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் அச்சைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுவார்கள். சீரற்றுக் குளிர்ந்த இறக்கை வளைந்துபோகும். அதை நிமிர்த்தும் வழியும் அதே பொருளின் இயல்பில்தான் இருக்கிறது: பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போது கண்ணாடி போன்ற விறைப்பை இழக்கத் தொடங்கும். நன்றாகக் காய்ந்த நீரில் சிறிது நேரம் பிடித்து, மெல்ல நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் புதிய வடிவம் நிலைத்துவிடும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. அளவுக் கோளாறோ வெர்னியர் காலிப்பர் வைத்தால்தான் பிடிபடும். ஸ்குவாவின் அசல் இறக்கை நீளம் சுமார் 14.07 மீட்டர், 72ஆல் வகுத்தால் 195 மில்லிமீட்டர். கிட்டில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் அசலில் 14 சென்டிமீட்டர் பிசகு. இறக்கையின் பின்விளிம்பு இன்னும் வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கும். பழைய அச்சுகளில் மேல்பாதி, கீழ்ப்பாதி ஒவ்வொன்றும் விளிம்பில் அரை மில்லிமீட்டர் இருந்தால்கூட, ஒட்டியபின் அது அசலில் 7 சென்டிமீட்டர் தடித்த விளிம்புக்குச் சமம். அப்படிப்பட்ட இறக்கை பலகைபோலத் தெரியும். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே இரண்டு பாதிகளின் உட்புறத்தையும் உப்புத்தாளில் வைத்துத் தேய்த்து மெலிதாக்குவார்கள். வெளிப்புறத்தைத் தேய்த்தால் இறக்கையின் வளைவு கெட்டுவிடும்.

ஒட்டும் வேலை உண்மையில் ஒரு பற்றவைப்பு. மாதிரி விமானப் பசையில் பெரும்பாலும் அசிட்டோன், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்கள் இருக்கும். அவை பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைக் கரைக்கும். இரு பக்கத்து நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியாகிப் போனபின் இரண்டு துண்டுகளும் ஒரே துண்டாகிவிடும். ஆரஞ்சுத் தோலிலிருந்து கிடைக்கும் லிமோனீனும் இதே வேலையைச் செய்யும். ஒட்டும் இடத்தில் பெயின்ட் இருந்தால் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தொடவே முடியாது. சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஜன்னல் திறந்திருப்பதும் அவசியம். இந்த ஆவி நுரையீரலுக்கு நல்லதல்ல.

பொறுமை இல்லாதவர்கள் தோற்பது இந்தக் கட்டத்தில்தான். ஒட்டிய மறுமணி நேரத்திலேயே இணைப்பைத் தேய்த்தால் அப்போதைக்கு வழவழப்பாக இருக்கும். உள்ளே தங்கிய கரைப்பான் மெல்ல வெளியேற வெளியேற, பெயின்ட் அடித்து முடித்த விமானத்தின் முதுகில் அந்தக் கோடு மறுபடி குழிந்து தெரியும். பட்டி பார்ப்பதிலும் இதே கதை. கரைப்பான் கலந்த பட்டி காயும்போது சுருங்கும் என்பதால் ஒரே அப்பில் நிரப்பாமல் அடுக்கடுக்காகப் பூச வேண்டும். சிலர் சூப்பர் க்ளூவில் டால்கம் பவுடரைக் குழைத்து நிரப்புகிறார்கள். அதில் ஆவியாகக் கரைப்பான் இல்லை. காற்றிலும் பரப்பிலும் உள்ள துளி ஈரம் பட்டே இறுகுகிறது. சுருக்கம் மிகக் குறைவு. ஆனால் நேரம் கடந்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். அதன்பின் தேய்த்தால் பட்டி நிற்கும், பக்கத்துப் பிளாஸ்டிக் கரையும்.

எல்லா இடைவெளியையும் பட்டியால் நிரப்புவது தேர்ந்த கைகளின் வழக்கமல்ல. இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், உடலின் உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் குறுக்கே முட்டுக்கொடுத்து உடலையே சற்று அகலப்படுத்துவார்கள். இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் இந்த வேலையில்தான் மோசமான கிட்டின் மெய்யான இன்பம் இருக்கிறது. நேர்த்தியான கிட்டைக் கட்டுபவர் குறிப்புத்தாளைப் பின்பற்றினால் போதும். இங்கே அந்த விமானத்தின் புகைப்படங்களையும் வரைபடங்களையும் யோவில்டன் சிதைவுகளையும் ஒப்பிட்டுப் படிக்காமல் ஓர் அடி நகர முடியாது.

விமானியின் அறைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூண்டு தனிச் சோதனை. பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் 1.59. அது தடிமனாகவும் அலையலையாகவும் வார்க்கப்பட்டால் உள்ளே இருக்கும் இருக்கைகள் கோணிக்கொண்டு தெரியும். மெருகேற்றிப் பார்க்கலாம், தேறாவிட்டால் மாற்றுவதே மேல். கிட்டில் வந்த கூண்டுக்குள் பட்டியை நிரப்பி இறுகவிட்டு, மேலே தேய்த்து அளவைச் சற்றுக் குறைத்து, சூட்டில் இளகிய மெல்லிய அசிடேட் தாளை அதன்மேல் அழுத்தி இழுத்தால் மெல்லிய புதிய கூண்டு கிடைக்கும். முதல் தாள் பெரும்பாலும் கிழியும் அல்லது சுருக்கம் விழும். தாள் மலிவு என்பதால் அடுத்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய பெட்டியின் ஸ்டிக்கர்கள் மஞ்சளித்துப்போயிருந்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயில் படும் ஜன்னலில் சில நாள் ஒட்டிவைக்கிறார்கள். பல நேரம் வெளுத்துவிடும். அவற்றைச் சொரசொரப்பான பெயின்ட்மேல் ஒட்டினால் அடியில் சிறைப்பட்ட காற்று ஒளியைச் சிதறடித்து வெள்ளி பூத்தாற்போல் காட்டும். அதனால்தான் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடிக்கிறார்கள்.

அக்காலப் போர்விமானங்களில் வானொலிக் கம்பி ஒன்று வால்துடுப்புவரை ஓடும். பாகங்களைத் தாங்கிவந்த வெற்றுச் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, பளபளத்து இளகும் நொடியில் வெளியே எடுத்து இருபுறமும் இழுத்தால் அந்தக் கம்பி கிடைத்துவிடும். இழுக்கும் வேகம் கூடக் கூட இழை மெலியும். 0.05 மில்லிமீட்டருக்கு இழுத்தால் அது அசலில் 3.6 மில்லிமீட்டர் கம்பி. இரு முனையிலும் சூப்பர் க்ளூ வைத்து, தொய்வு இருந்தால் ஊதி அணைத்த ஊதுபத்தியின் கனலை அருகே கொண்டுபோனால் போதும். சூட்டில் இழை சுருங்கி விறைத்துக்கொள்ளும்.